சட்டைக்குள் வந்தவர்

பேசக்கூடாது. நிபந்தனை அவ்வளவுதான். பதினெட்டு கிலோமீட்டர் ஜீப், அதற்கப்புறம் ஒரு மைல் நடை, அதுவரை வாயைத் திறக்கக்கூடாது. முப்பத்திரண்டு வருஷம் கரும்பலகைக்கு முன்னால் நின்று கத்தியே ஓய்வுபெற்ற ஒரு கணக்கு வாத்தியாருக்கு இதைவிடப் பெரிய தண்டனையை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஃபாதர் தண்டனையாகச் சொல்லவில்லை. "இனிமே போய்ச் சேர்ற வரைக்கும் யார்கிட்டயும் பேச வேண்டாம் சார், அவர் உங்ககூட வர்றார்" என்று சாதாரணமாக, ஊருக்குப் போகிற உறவுக்காரரைத் துணை சேர்த்து அனுப்புகிற மாதிரிச் சொன்னார். சொல்லிவிட்டு, கைக்கடிகாரத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு வட்டச் சிமிழை வெள்ளைத் துணிப்பையில் போட்டு, பையின் கயிற்றை என் கழுத்தில் மாட்டி, சட்டைக்குள் விட்டு, மேல் பொத்தானையும் அவரே போட்டுவிட்டார். சிமிழுக்குள் ஒரே ஒரு அப்பம். கோதுமை மாவும் தண்ணீரும், காகிதக் கனம். காலை ஆறு மணிப் பூசை தொடங்கும்போது அது அப்பமாக இருந்தது, ஆறே முக்காலுக்கு அது அப்பம் இல்லை, நற்கருணை, அதாவது சாமியே, ஃபாதர் சொன்ன அவரே. கிறிஸ்தவர்களுக்கு அப்படி. எனக்கு எப்படி? எனக்கு இப்போது நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொள்கிறது, உலோகம் தோலில் பட்டு முதலில் சில்லென்று இருந்தது, இப்போது என் சூட்டுக்கு வந்துவிட்டது, எங்கே சிமிழ் முடிகிறது எங்கே நான் தொடங்குகிறேன் என்று தெரியவில்லை, நெஞ்சு அடிக்கிற சத்தம் இத்தனை பக்கத்தில் அவருக்குக் கேட்குமே என்று கூச்சமாக இருக்கிறது. அறுபத்து மூன்று வயசில் கூச்சம். ஜீப் இன்னும் கிளம்பவே இல்லை.

கிளம்பிவிட்டது. ஜவ்வாது மலையில் இதை ரோடு என்று சொல்கிறவர்கள் உண்டு, போன மழையோடு தார் போய், தாருக்கு அடியில் இருந்த ஜல்லி போய், இப்போது ஜல்லிக்கும் அடியில் இருந்த மலையே வெளியே தெரிகிறது, அதன் முதுகெலும்பின் மேல்தான் ஏறி இறங்குகிறோம். ஓட்டுகிறவன் சடையப்பன், முன் சீட்டில் அவனுக்கும் பூங்காவனத்துக்கும் நடுவில் நான், பூங்காவனத்தின் மடியில் ஒரு பலாப்பழம், பின்னால் சாமை மூட்டைகளும் ஏழெட்டுப் பேரும். நான்கு மாசத்துக்கு முன்னால் இதே ஜீப்பில்தான் ஏறி வந்தேன், மிஷன் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்க ஆளில்லை, சம்பளம் கிடையாது, தங்க அறையும் சாப்பாடும் உண்டு என்று யாரோ சொன்னார்கள். பெரிய சேவை மனப்பான்மை என்று நினைத்துவிட வேண்டாம், வீட்டில் என் மனைவி தையல்நாயகி இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு ஏதோ ஒரு மலையில் போய்க் கத்திக்கொண்டிருக்கலாம் என்றுதான் வந்தேன். அவள் போய் மூன்று வருஷம். வைத்தீஸ்வரன் கோவிலுக்கு அவளுக்காக எத்தனை நடை நடந்தேன், வைத்தியநாதன் என்று பேர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர் ஒரு ரத்தக்குழாய் அடைப்பைச் சரிபண்ணவில்லை, அன்றைக்கு நிறுத்தினேன் விபூதியை. அதனால் நெற்றி காலி. காலி நெற்றியோடு வந்தவன், விடியற்காலையில் தூக்கம் வராமல் மிஷன் கோயிலில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்கிறவன், எல்லாப் பாட்டும் எல்லா ஜெபமும் மனப்பாடமாகச் சொல்கிறவன், இவனை யாரென்று நினைப்பார்கள்? பேரைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். சபாநாதன். ஆனால் பள்ளியில் ஒருவரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, கணக்கு சார், அவ்வளவுதான், கணக்குக்கு ஏது மதம். பழைய ஃபாதருக்குத் தெரியும், அவர் மாற்றலாகிப் போய்விட்டார். இவர் வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. வந்த அன்றே கேட்டார், "சின்ன வயசுல எந்தக் கோயில் சார் நீங்க?" என்று. நான் படித்த விடுதிப் பள்ளியின் கோயில் பேரைச் சொன்னேன். பொய் இல்லை. ஆறு வருஷம் தினமும் அந்தக் கோயிலில்தான் உட்கார்ந்திருந்தேன். உண்மையை இப்படி அரைகுறையாகச் சொல்வதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

இன்றைக்குக் காலையில் மட்டும் அவகாசம் இல்லாமலா போயிற்று? இருந்தது. முழுசாக ஒரு நிமிஷம் இருந்தது. ஃபாதர் கால் கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், போன வாரம் இதே ரோட்டில் மோட்டார் சைக்கிள் சறுக்கி எலும்பு முறிவு, முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு, ஓடைக்கரை ஏற்றத்தில் ஒரு மைல் நடக்க அவரால் ஆகாது. சிஸ்டர்கள் இரண்டு பேரும் பரீட்சைக் கூட்டத்துக்கு டவுனுக்குப் போயிருக்கிறார்கள். வேங்கைமரத்தூரில் மிக்கேலம்மாள் கிடக்கிறாள், பள்ளியின் பெண்கள் விடுதியில் இருபத்தெட்டு வருஷம் சமையல் செய்தவள், வயிற்றில் கட்டி, ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். நேற்று மருமகள் சடையப்பனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள், அத்தைக்கு நாளைக்கே நன்மை வேணுமாம், அதுக்கு மேல தாங்காது என்று. நற்கருணை வாங்குவதை இவர்கள் நன்மை வாங்குவது என்பார்கள், எனக்கு அந்த வார்த்தை எப்போதுமே பிடிக்கும், கடையில் போய் இரண்டு கிலோ நன்மை கொடுங்கள் என்று கேட்கிற மாதிரி எளிமையாக இருக்கும். ஃபாதர் என்னைப் பார்த்தார். "நீங்க நன்மை வாங்க வர்றதில்லைன்னு கவனிச்சேன் சார். காரணம் கேக்கமாட்டேன், அது உங்களுக்கும் அவருக்கும். கொண்டுபோறதுக்கு ரெண்டு கை போதும்" என்றார். என்றைக்கோ சண்டை போட்டுக்கொண்டு போன பழைய கிறிஸ்தவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்போது சொல்லியிருக்க வேண்டும், ஃபாதர், நான் ஞானஸ்நானமே வாங்காதவன், சண்டை போட்டது வேறு சாமியோடு என்று. வாயைத் திறந்தேன். அவர் சிமிழை எடுத்தார். மூடிக்கொண்டேன். சொன்னால் கொடுக்கமாட்டாரே என்று மூடிக்கொண்டேன், அதுதான் விஷயம், வேறு எந்தச் சால்ஜாப்பும் வேண்டாம், அதைக் கையில் வாங்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. ஒன்பது வயசிலிருந்து இருக்கிற ஆசை. விடுதியில் எண்பது பையன்கள், அதில் நாங்கள் பதினொரு பேர் இந்துக்கள், பூசை நேரத்தில் எல்லாரும் வரிசையாக எழுந்து போவார்கள், நாங்கள் பதினொரு பேரும் காலை ஒதுக்கி வழிவிட்டு உட்கார்ந்திருப்போம். போகும்போது ஒருவன் பின்னால் ஒருவன் கிள்ளிக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு போவான்கள், திரும்பி வரும்போது அதே போக்கிரிப் பையன்களின் முகம் வேறாக இருக்கும், வாயில் என்னவோ ஒன்றைப் பத்திரமாக வைத்துக்கொண்டு கண்ணைத் தாழ்த்திக்கொண்டு வருவான்கள், எனக்கு வயிறு எரியும். எங்களுக்கும் ஒன்று கிடைக்காமல் இல்லை. பக்கத்து மடத்தில் சிஸ்டர்கள் இரும்பு அச்சில் அப்பம் சுட்டு, வட்டம் வட்டமாக வெட்டி எடுத்துக்கொண்டு, மிஞ்சிய ஓரத்தைச் சனிக்கிழமை சாயந்திரம் விடுதிப் பையன்களுக்குக் கொடுத்துவிடுவார்கள், அதற்கு மதம் கிடையாது, யாரும் தின்னலாம். வெள்ளைத் தகடு, அது நிறைய வட்ட வட்டமான ஓட்டை. ருசி ஒன்றும் இருக்காது, நாக்கில் வைத்தால் கரைந்துவிடும். அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், இதில் இருந்ததுதான் நாளைக்குக் காலையில் சாமியாகப் போகிறது, ஓரம் என்னிடம் வந்துவிட்டது, ஒரே மாவு, ஒரே தண்ணீர், ஒரே அடுப்பு. எந்த இடத்தில் பிரிந்தது என்று யோசிப்பேன். இப்போதும் யோசிக்கிறேன்.

ஐயோ. பள்ளம். சடையப்பன் ஸ்டியரிங்கை ஒடித்த ஒடிப்பில் பலாப்பழம் என் விலாவில் இடித்தது, சிமிழ் நெஞ்சில் துள்ளி விழுந்தது, இரண்டு கையையும் சேர்த்து அழுத்திக்கொண்டேன். உடைந்திருக்குமோ? காகிதக் கனம்தானே, இத்தனை குலுக்கலில் இரண்டாக நாலாகப் போயிருக்கும், திறந்து பார்க்கலாமா, ஒரே ஒரு தரம், யாருக்குத் தெரியப்போகிறது. கை பொத்தானுக்குப் போய்விட்டது. வேண்டாம். உடைந்தாலும் ஒன்றும் இல்லை, அதை அப்போதே படித்திருக்கிறேன். கிறிஸ்தவப் பையன்களுக்கு ஞானோபதேச வகுப்பு, எங்களுக்குப் பக்கத்து அறையில் நீதிபோதனை, நீதிபோதனை எடுக்கிறவர் தூங்கிவிடுவார், சுவருக்கு அந்தப் பக்கம் பாடம் நன்றாகக் கேட்கும். எத்தனை துண்டாக உடைத்தாலும் ஒவ்வொரு துண்டிலும் அவர் முழுசாக இருக்கிறார், பாதி துண்டில் பாதி சாமி இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குச் சிரித்தேன், அது எப்படி, பாதியில் பாதிதானே இருக்கும் என்று. பத்து வருஷம் கழித்துக் கல்லூரியில் முடிவிலியைப் பற்றிப் பாடம் எடுத்தார்கள், எல்லா எண்களையும் எடுத்துக்கொள், அதில் இரட்டைப்படை எண்களை மட்டும் பிரித்து வை, இப்போது எது அதிகம் என்றால் இரண்டும் சமம், பகுதியும் முழுமையும் சமம், முடிவில்லாத ஒன்றுக்கு மட்டும் அப்படி. வகுப்பே தலையைச் சொறிந்தது, எனக்கு மட்டும் முதுகில் சிலிர்த்தது, அட, இதைச் சுவர் வழியாகக் கேட்டிருக்கிறேனே என்று. அப்புறம் முப்பத்திரண்டு வருஷம் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், ஒவ்வொரு வருஷமும் சிலிர்த்திருக்கிறது, ஆனால் அது என் சட்டைக்குள் வந்து உட்காரும் என்று நினைத்ததில்லை. இல்லை, நம்புகிறேனா இல்லையா, அதைச் சொல்லு முதலில். நம்பாவிட்டால் ஏன் கை இப்படி அழுத்திக்கொண்டிருக்கிறது? நம்பினால், ஞானஸ்நானம் இல்லாத, தன் சொந்தச் சாமியோடு மூன்று வருஷமாகப் பேச்சு வைத்துக்கொள்ளாத ஒருத்தன் நெஞ்சில் இதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாமா? அதுகூடப் போகட்டும், எனக்கும் ஃபாதருக்கும் அது. அங்கே ஒருத்தி கிடக்கிறாளே. நாளைக்கு மேல் தாங்காது என்று சொல்லி அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறவளிடம் போய் என்ன சொல்லப்போகிறேன்? சொல்லாமல் கொடுத்துவிட்டால் ஏமாற்று. வாழ்க்கையின் கடைசிச் சோற்றை ஒரு புளுகன் கையால் வாங்கித் தின்றவள் ஆகிவிடுவாள். சொல்லிவிட்டால், வேண்டாம், எடுத்துக்கொண்டு போங்கள் என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால்? திரும்பிப் போய் வேறு ஆள் வருவதற்குள் அவள் இருக்கமாட்டாள். உண்மையைச் சொல்லி நான் சுத்தமாகிவிடுவேன், அவள் பட்டினியாகப் போய்விடுவாள். இது எந்த ஊர் நியாயம். இதற்கு விடை இருக்கிறதா என்றே தெரியவில்லை, விடை இல்லாத கணக்கைப் பரீட்சையில் கேட்கிற வாத்தியாரை எனக்கு எப்போதும் பிடிக்காது.

பூங்காவனம் வெகுநேரமாக என்னவோ சொல்லிக்கொண்டே வருகிறாள். அவள் மகள் பத்தாம் வகுப்பில் மூன்றாம் பெஞ்சு, பேர் வசந்தி, வட்டத்தின் பரப்பளவையும் சுற்றளவையும் மாற்றி மாற்றிப் போட்டு என் உயிரை எடுக்கிறவள், ஆனால் புத்திசாலி, கண்டிப்பாகத் தேறிவிடுவாள். "சார், எங்க வசந்தி பாஸாயிடுமா சார்?" என்று கேட்டிருக்கிறாள். நான் பேசவில்லை. "இல்ல சார், அவங்கப்பன் கட்டிக்குடுத்துரலாம்ங்கறான், நாந்தான் இந்த ஒரு பரீட்சை எழுதட்டும்னு நிறுத்தி வச்சிருக்கறேன், நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதும்." ஒரு வார்த்தை. எனக்கு வார்த்தைகளுக்கா பஞ்சம், நான்கு மாசமாக இந்தப் பெண்ணின் அப்பனைப் பிடித்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று காத்திருக்கிறேன், ஆனால் இன்றைக்கா, இப்போதா. தலையை ஆட்டினேன். ஜீப் குலுங்கியதில் அது ஆமாம் என்றும் தெரியவில்லை, இல்லை என்றும் தெரியவில்லை, ஜீப்பில் எல்லார் தலையும்தான் ஆடிக்கொண்டிருக்கிறது. "இன்னா சார், ஒண்ணுமே சொல்லமாட்டேன்றீங்க?" என் முகத்தையே பார்த்தாள். நான் இரண்டு கையாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தேன். கெட்ட சேதி சொல்ல வாய் வராமல் உட்கார்ந்திருக்கிற வாத்தியார் இப்படித்தான் இருப்பான். அவள் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, பலாப்பழத்தின் மேல் குனிந்து அழ ஆரம்பித்துவிட்டாள். சத்தமே இல்லை, முதுகு மட்டும் குலுங்குகிறது. இவளுக்கு ஒரு வார்த்தை சொன்னால் சாமி கோபித்துக்கொள்வாரா? கோபித்துக்கொள்கிற சாமி என்றால் அவர் எனக்கு எதற்கு? நாக்கு நுனிவரை வந்துவிட்டது, தேறிடுவாம்மா, நான் இருக்கிறேன். சொல்லவில்லை. பொய் சொல்லி வாங்கியது ஒன்று, அதோடு ஒட்டி வந்த ஒரே ஒரு நிபந்தனை இது, இதையும் உடைத்துவிட்டால் என்னிடம் மிஞ்சுவது ஒன்றும் இல்லை என்று தோன்றியது. ஒரு கையை எடுத்து, அவள் முழங்கையில் இரண்டு தட்டு தட்டினேன். அவள் அழுகை இன்னும் கூடிவிட்டது, ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

காட்டாற்றில் தண்ணீர் அதிகம் இல்லை, முழங்காலுக்குக் கீழேதான், ஆனால் நடுவில் போய் வண்டி உட்கார்ந்துவிட்டது. சடையப்பன் இறங்கி டயரை உதைத்துப் பார்த்துவிட்டு, எல்லாரையும் இறங்கித் தள்ளச் சொன்னான். எல்லாரும் இறங்கினார்கள், பூங்காவனம்கூட மூக்கை உறிஞ்சிக்கொண்டு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் போய்க் கை கொடுத்தாள். நானும் இறங்கினேன். தண்ணீர் எலும்புவரை குளிர்ந்தது. இறங்கி, நெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு, ஆற்றின் நடுவில் ஒரு உருண்டைக் கல்லின் மேல் நின்றேன், என் ஆயுளில் இவ்வளவு வெட்கமாக எங்கேயும் நின்றதில்லை. மூட்டைக்காரர் ஒருவர், "சாரு தள்ளமாட்டாரு, படிச்சவரு" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். சடையப்பன் கோபமாகவே வந்தான், "சார், ஒரு கை புடிங்க சார், நீங்க வேற" என்று கிட்டே வந்தவன், என் கழுத்துக் கயிற்றைப் பார்த்தான், அழுத்திக்கொண்டிருக்கிற இரண்டு கையையும் பார்த்தான், மூடிய வாயைப் பார்த்தான். அவன் கிறிஸ்தவன் இல்லை. நேற்றுச் சேதி கொண்டுவந்தவனே அவன்தான், ஆனாலும் இப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. இரண்டு எட்டு பின்னால் போனான். ஓடுகிற தண்ணீருக்குள்ளேயே குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். "ஏய், யாரும் பேசாதீங்க" என்றான், ரொம்ப மெதுவாக. "சாரு சாமி எடுத்துக்கினு போறாரு."

அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு விளக்கமும் யாரும் கேட்கவில்லை. எந்தச் சாமி, யார் சாமி, ஏன் சட்டைக்குள் என்று ஒருவர் கேட்கவில்லை. இவர்களுக்கும் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறதாம், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மேல்மலையிலிருந்து சாமிப் பெட்டியை ஒருத்தர் தலையில் வைத்து ஊர் ஊராகக் கொண்டுவருவாராம், எடுத்து வருகிறவர் பேசமாட்டாராம், அவர் போகிற பாதையில் யாரும் செருப்புப் போட்டு நடக்கமாட்டார்களாம், போன மாசம் வசந்தி கணக்கு வகுப்பில் கணக்கைத் தவிர்ப்பதற்காக எனக்குச் சொன்ன கதை, அன்றைக்கு அவளைத் திட்டினேன். சிரித்தவர்கள் செருப்பைக் கழற்றினார்கள். என்னைப் படிச்சவரு என்று சொன்ன மூட்டைக்காரர் தண்ணீரை வாரித் தலையில் தெளித்துக்கொண்டார். வண்டியை வாய் திறக்காமல் தள்ளினார்கள், ஐலசா இல்லை, ஒரு சத்தம் இல்லை, மூச்சு மட்டும், கரையேறிவிட்டது. சடையப்பன் வந்து என் முழங்கையைத் தொடாமல், தொடுகிற தூரத்தில் கையை வைத்துக்கொண்டே என்னைக் கரைவரை கூட்டிவந்தான். ஏறி உட்கார்ந்ததும் பாட்டுப் பெட்டியை நிறுத்தினான். பூங்காவனம் என் பக்கம் திரும்பி, "அதனாலதான் பேசலையா சார்?" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள். இந்தத் தடவை ஜீப் நின்றுகொண்டிருந்தது, நான் ஆட்டிய தலை ஆமாம் என்றுதான் தெரிந்தது. பிறகு இன்னொரு தரம், அவள் முதலில் கேட்ட கேள்விக்கும் சேர்த்து, நன்றாகப் பெரிசாக ஆட்டினேன். அவள் பலாப்பழத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். பிறகு ஜீப் போயிற்று. மூங்கில் காட்டுக்குள், இரண்டு பக்கமும் ஈரப் பச்சை, பத்துப் பேர் ஒரு வண்டியில் ஒரு வார்த்தை பேசாமல், செருப்பை மடியில் வைத்துக்கொண்டு. பின்னால் எங்கோ ஒரு கைக்குழந்தை அழத் தொடங்கியது, தாய் மார்பில் சேர்த்ததும் அதுவும் நிறுத்திவிட்டது. எத்தனை கோவிலில் எத்தனை கூட்டத்தில் இடிபட்டுத் தரிசனம் பண்ணியிருக்கிறேன், இப்படி ஒரு இடத்தில் நான் இருந்ததே இல்லை. எனக்கு ஆனந்தமாக இருந்தது, பயமாகவும் இருந்தது, இரண்டும் ஒன்றுதான் போலிருக்கிறது. இவர்கள் என்னை நம்பிவிட்டார்கள். நான் எடுத்துக்கொண்டு போகிறேன் என்பதை நம்பிவிட்டார்கள், அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை பேர் செருப்பைக் கழற்றின பிறகு அங்கே போய் ஒரு பொய்யை வைக்க முடியாது. சொல்லிவிடுவேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் திரும்பிக்கொள்ளட்டும், வாசலில் உட்கார்ந்துகொண்டு அழுவேன், ஆனால் சொல்லிவிடுவேன்.

ரோடு முடிகிற இடத்தில் மருமகள் எலிசா காத்திருந்தாள், கையில் எரிகிற மெழுகுவர்த்தி, காற்றுக்கு உள்ளங்கையை வளைத்து மறைத்துக்கொண்டு. பகல் பத்து மணி வெயிலில் அந்தச் சுடர் கண்ணுக்கே தெரியவில்லை, மெழுகு உருகி அவள் விரலில் வழிந்திருந்தது மட்டும் தெரிந்தது, எத்தனை நேரமாக நிற்கிறாளோ. ஒன்றும் பேசாமல் முட்டி போட்டாள், எழுந்து முன்னால் நடந்தாள். நான் செருப்பை ஜீப்பிலேயே விட்டுவிட்டேன். ஓடைக்கரை, கூழாங்கல், ஏற்றம், மூச்சு வாங்கியது, எங்கேயும் உட்காரவில்லை, உட்கார்ந்தால் எதன் மேல் உட்கார்கிறோம் என்று அவருக்குச் சங்கடமாக இருக்குமோ என்று அசட்டு யோசனை. வீட்டு வாசலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள், எல்லாரும் முட்டி போட்டார்கள். என்னைப் பார்த்து. நான் இடதுபுறம் ஒதுங்கினேன், அவர்கள் முகமும் இடதுபுறம் வந்தது. நான் இல்லை, நான் இல்லை என்று கத்த வேண்டும் போல இருந்தது, அது நான் இல்லை என்பது என்னைத் தவிர அங்கே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

உள்ளே இருட்டு. புதிதாகச் சாணம் மெழுகின தரை, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன்மேல் சலவை வெள்ளைத் துணி, இரண்டு மெழுகுவர்த்தி, ஒரு டம்ளர் தண்ணீர். கட்டிலில் மிக்கேலம்மாள் என்று ஒரு மனுஷி இருந்தாள், போர்வைக்குக் கீழே வயிறு மட்டும்தான் பெரிசு, மற்றதெல்லாம் வற்றிப்போயிருந்தது, கண் மட்டும் கூர்மையாக என்னைப் பார்த்தது. சிமிழை எடுத்து வெள்ளைத் துணியின் மேல் வைத்தேன். வைத்தாயிற்று, இனிமேல் பேசலாம். செய்ய வேண்டியதை எல்லாம் எழுதி ஃபாதர் கொடுத்த காகிதத்தில் முதல் வரி, இந்த வீட்டுக்குச் சமாதானம் என்று சொல்ல வேண்டும். காலையிலிருந்து மூடியிருந்த வாய், குரல் கரகரவென்று யாருடைய குரலோ மாதிரி வந்தது.

"அம்மா, நான் கிறிஸ்தவன் இல்லை. ஞானஸ்நானம் வாங்கினதில்லை. ஃபாதருக்குத் தெரியாது, நான் சொல்லலை. உங்ககிட்ட சொல்லாம குடுக்க எனக்கு மனசு வரலை."

எலிசாவின் கையிலிருந்த மெழுகுவர்த்தி அசைந்தது. வாசலில் யாரோ மூச்சை இழுத்தார்கள். மிக்கேலம்மாளுக்குப் பேசுவது கஷ்டம் என்று தெரிந்தது, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"காலைல ஏதாச்சும் சாப்டீங்களா?"

"இல்லம்மா."

"வழியில பேசினீங்களா?"

"இல்லை."

"எங்கியாச்சும் கீழ வச்சீங்களா?"

"இல்லம்மா. வைக்கலை."

இருபத்தெட்டு வருஷம் அடுப்படியை ஆண்டவள், சரக்கு வந்து இறங்கினதும் சரிபார்க்கிற மாதிரிக் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டாள். வேறு ஏதாவது கேட்பாள் என்று நான் நின்றேன்.

"அப்பறம் இன்னா? குடுங்க" என்றாள்.

நான் முட்டி போட்டேன். யாரும் சொல்லவில்லை, கால் தானாக மடங்கிற்று. சிமிழைத் திறந்தேன். உடையவே இல்லை. அத்தனை பள்ளத்துக்கும் அத்தனை கல்லுக்கும் ஓரம்கூட நொறுங்காமல் வட்டமாக, வெள்ளையாக இருந்தது. நன்மை வாங்குவதற்கு முன்னால், தகுதியில்லை என்று சொல்கிற அந்தச் சின்ன ஜெபத்தை அவள் முணுமுணுத்தாள், எனக்கும் மனப்பாடம், நானும் கூடவே சொன்னேன். சொல்லும்போது அழுதேன், மறைக்கவில்லை. இரண்டு விரலால் எடுத்தேன். கனமே இல்லை. தன்னால் முழுசாக விழுங்க முடியாது என்று சைகை காட்டினாள், கொஞ்சம் கிள்ளி அவள் நாக்கில் வைத்தேன், மீதியை எலிசா தன் நாக்கில் வாங்கிக்கொண்டாள். மிக்கேலம்மாளின் தொண்டை ஏறி இறங்க வெகுநேரம் ஆயிற்று.

பிறகு எலிசா டம்ளரை என்முன் நீட்டினாள். தொட்ட விரலில் துகள் ஒட்டியிருக்கும், அதில் கழுவ வேண்டும், அதுவரைக்கும் காகிதத்தில் இருந்தது. இரண்டு விரலையும் தண்ணீரில் முக்கிக் கழுவினேன். ஆற்றுத் தண்ணீர், ஜீப்புத் தூசி, என் வியர்வை, எல்லாம் அந்தத் தண்ணீரில் கலந்திருக்கும். எங்கே ஊற்றுவது என்று கேட்கத் திரும்பினேன். மிக்கேலம்மாள் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் பிறத்தியார் உதடு பட்ட டம்ளரைப் புளி போட்டுத் தேய்த்துத்தான் உள்ளே எடுப்பார்கள், அப்படி வளர்ந்தவன் நான், "வேண்டாம்மா, என் விரல் கழுவினது" என்றேன். அவள் காதில் வாங்கவில்லை. எலிசா அவள் தலையைத் தூக்கிப் பிடித்தாள். நாலு நாளாக ஒரு வாய் தண்ணீர் இறங்காதவள் என்று வாசலில் இருந்தவர்கள் பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். நான் விரல் கழுவின அந்தத் தண்ணீரை, சிறுகச் சிறுக, நடுநடுவே கண்ணை மூடி இளைப்பாறி, ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்து, காலி டம்ளரை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.